பெட்டியில் எழுதியிருப்பதும் மண்டபத்தில் கிடைப்பதும்: பள்ளிக் கேமரா பற்றி ஒரு விமர்சனம்

ஆசிரியர்களே, பள்ளிக்குக் கேமரா வாங்கக் கிளம்பும்போது நம் கையில் இருப்பவை இரண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒதுக்கிய தொகை ஒன்று. வலையொளியில் பார்த்த விமர்சனம் இன்னொன்று. தொகையை நம்மால் கூட்ட முடியாது. அந்த விமர்சனங்களையாவது கொஞ்சம் உரசிப் பார்க்கலாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

உரசிப் பார்க்கக் காரணம் இருக்கிறது. அந்தத் தொகை உணவு விற்பனை நாளில் பெற்றோர் நாசி லெமாக் விற்றுச் சேர்த்தது. ஒருமுறை செலவானால் அடுத்த கேமராவுக்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்துப் போகிற காலம் அது. அவன் மேடையேறிக் கதை சொன்னது, சிலம்பம் சுற்றியது, திடலில் ஓடியது எல்லாமே அந்த ஒரே கேமராவில்தான் பதிவாகப் போகின்றன. சின்னப் பள்ளிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று யோசிக்கிற பெற்றோர் பள்ளியின் முகநூல் பக்கத்தையும் பார்க்கிறார்கள். அங்கே மங்கலும் இருட்டுமாக நான்கு படம் கிடந்தால், உள்ளே நடக்கும் நல்ல வேலை வெளியே தெரியாமலே போய்விடும்.

நமக்கு வேண்டியது என்ன? ஒரே ஆசிரியர், ஒரே கேமரா. பரிசளிப்பு விழாவில் ஒரு பிள்ளை கோப்பை வாங்கும்போது படம். அடுத்த நிமிடம் கும்மி ஆடும்போது காணொளி. உடனே மறுபடி படம். இந்த இருவேலைக்குத்தான் 'ஹைப்ரிட்' என்று பேர் வைத்துக் கேமரா விற்கிறார்கள். அதைப் பற்றிய விமர்சனங்களோ பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒருவர் மாலை வெயிலில் நகரத்துத் தெருவில் நடக்கிறார். காபிக் கடைச் சன்னலோரம் நண்பரைப் படமெடுக்கிறார். பாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டி மெகாபிக்சல், 4கே, 8கே என்று அடுக்குகிறார். அவர் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் அவர் பதில் சொல்லும் கேள்வி வேறு, நம்முடைய கேள்வி வேறு. டியூப் லைட் எரியும் மண்டபத்தில், மேடையிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆசிரியரை அவருக்குத் தெரியாது.

என் கருத்து இதுதான். பள்ளி வேலைக்கு மண்டபம்தான் லென்ஸைத் தீர்மானிக்கும். லென்ஸ்தான் பாடியைத் தீர்மானிக்கும். கடையும் காணொளியும் நமக்கு இதைத் தலைகீழாகக் கற்றுத் தந்துவிட்டன. காசில் பெரும்பங்கைப் பாடிக்குக் கொட்டிவிட்டு, "லென்ஸ் கூடவே வருது டீச்சர்" என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

முதலில் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்ப்போம். படக் கேமராவில் காணொளி எடுக்கும் பழக்கம் ரொம்பப் பழையதல்ல. 2008-இல் நிக்கோன் டி90 வந்தது. காணொளி பதிந்த முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். அதே ஆண்டில் கேனன் 5டி மார்க் 2 முழுமையான 1080 தரத்தில் பதிந்து காட்டியது. அதற்குப் பிறகு காணொளி இல்லாத கேமராவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்று எல்லாப் பெட்டியிலும் '4கே' இருக்கிறது. எந்த 4கே என்பதுதான் கேள்வி.

கேனன் ஆர்100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் வந்தது; அந்த வரிசையிலேயே மலிவானது. பெட்டியில் 4கே உண்டு. ஆனால் 4கே-இல் சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது, ஏறக்குறைய 1.55 மடங்கு வெட்டு. கூட வரும் 18-45 லென்ஸில் 18 மிமீ என்பது அகலமான கோணம்தான். வெட்டிய பிறகு அது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 45 மிமீ போல ஆகிவிடும். வகுப்பறையில் எல்லா மாணவரையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர நீங்கள் சுவருக்குப் பின்னால்தான் போய் நிற்க வேண்டும்! அதோடு, படத்தில் நன்றாக வேலை செய்யும் அதன் வேகமான ஆட்டோ ஃபோகஸ் முறை 4கே-இல் கிடையாது. திரை திரும்பாது, தொட்டாலும் கேட்காது. 1080 தரத்தில் இந்தக் கேமரா தாராளமாக வேலை செய்யும். அதை அப்படியே சொல்லி விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கேமராச் சந்தையில் நிறையப் புழங்கும் கேனன் எம்50-க்கும் 4கே-இல் இதே இரண்டு குறைகள் உண்டு. போதாததற்கு, அதன் லென்ஸ் வரிசையையே நிறுவனம் நிறுத்திவிட்டது.

மலிவான கேமராவில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2021-இல் வந்த சோனி ஏ7 மார்க் 4 நல்ல கேமரா, 33 மெகாபிக்சல். அதிலும் நொடிக்கு 60 சட்டம் என்று 4கே-ஐ மாற்றினால் 1.5 மடங்கு வெட்டு வந்துவிடும். ஃபுல் ஃபிரேம் என்று காசு கொடுத்து வாங்கியது அந்த நேரத்தில் ஏபிஎஸ்-சி ஆகிவிடுகிறது. பள்ளிக்கு 60 சட்டம் எதற்கு என்று கேட்டால், ஓட்டப் பந்தயத்தின் முடிவுக் கோட்டைப் பாதி வேகத்தில் காட்டுவதற்கு, அவ்வளவுதான். கும்மிக்கும் உரைக்கும் 25 சட்டமே போதும்.

இன்னொரு பழைய வழக்கம், 29 நிமிடம் 59 நொடியில் பதிவு தானாக நின்றுவிடுவது. இது தொழில்நுட்பக் குறை இல்லை. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டது. அதைத் தவிர்க்கத்தான் நிறுவனங்கள் இந்த வரம்பை வைத்தன. புதிய கேமராக்களில் பெரும்பாலும் இது இல்லை. பழையது வாங்குவதாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். நம் விழாக்களில் தலைவர் உரை மட்டுமே அரை மணி நேரத்தைத் தாண்டிவிடுமே.

இனி மண்டபத்துக்குள் போவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண் சிறியதானால் ஒளி நுழையும் துளை பெரிது. ஒளியின் அளவு அந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். எஃப் 2.8-க்கும் எஃப் 4-க்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எஃப் 2.8-க்கும் எஃப் 6.3-க்கும் ஐந்து மடங்கு. கூடவே வரும் லென்ஸ்களில் பல, முழுசாக ஜூம் செய்த நிலையில் எஃப் 5.6 அல்லது 6.3-இல்தான் நிற்கும். மேடையைக் கிட்டத்தில் கொண்டுவர ஜூம் செய்கிறோம். செய்யச் செய்ய லென்ஸ் இருட்டாகிக்கொண்டே போகிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது.

உங்கள் பள்ளி மண்டபத்தில் எஃப் 2.8, ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் காணொளி சரியான வெளிச்சத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 1600 எந்த நவீன கேமராவுக்கும் சுலபம். இப்போது பரதம் ஆடும் பிள்ளையைப் படமெடுக்க வேண்டும். கை மங்காமல் இருக்க ஷட்டர் 1/500 வேண்டும். பத்து மடங்கு வேகம், அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளி. ஐஎஸ்ஓ 16,000 ஆகிவிட்டது. படத்தில் மணல் தூவியதுபோல இருக்கும். ஆனாலும் அறிக்கைக்கும் முகநூலுக்கும் போட்டுக்கொள்ளலாம். இதே படத்தைக் கூடவே வந்த எஃப் 6.3 லென்ஸில் எடுத்தால்? ஐஎஸ்ஓ 80,000. எந்தப் பாடி வாங்கினாலும் இதைக் காப்பாற்ற முடியாது. உரையாற்றும் பிள்ளைக்கு 1/125 போதும் என்று இறங்கி வந்தாலும், ஒன்றில் 4,000, இன்னொன்றில் 20,000.

ஆக, மங்கலான மண்டபத்தில் காணொளியைவிடப் படம்தான் கஷ்டம். "காணொளி நல்லா வருதே, படம் மட்டும் ஏன் சார் இப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பாடியில் கோளாறு இல்லை, லென்ஸில் துளை போதவில்லை.

ஃபுல் ஃபிரேம் என்றால் இருட்டில் நன்றாக எடுக்கும் என்று சொல்கிறார்களே, அது? பாதி உண்மை. 2023-இல் வந்த கேனன் ஆர்8 ஃபுல் ஃபிரேம். 4கே-இல் 60 சட்டத்திலும் வெட்டு இல்லாமல் பதியும், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதோடு சேர்த்து விற்கும் லென்ஸ் 24-50, எஃப் 4.5-6.3. எதிரே ஓர் ஏபிஎஸ்-சி கேமராவில் எஃப் 2.8 ஜூமை மாட்டுங்கள். சென்சார் அளவு வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்தால் ஏபிஎஸ்-சி-யின் எஃப் 2.8, ஃபுல் ஃபிரேமின் எஃப் 4.2-க்குச் சமம். 6.3 எங்கே, 4.2 எங்கே! பெரிய சென்சார் வாங்கிய பள்ளிக்கு, ஜூம் முனையில், சின்ன சென்சார் வாங்கிய பள்ளியைவிடப் பாதிக்கும் குறைவான ஒளிதான் கிடைக்கிறது. ஆர்8-ஐ எஃப் 2.8 லென்ஸோடு வாங்கினால் கதையே வேறு. அந்த லென்ஸின் விலையும் வேறு.

லென்ஸின் ஒளிக்கு அடுத்து அதன் நீளம். இதற்கு ஒரு சின்ன வாய்பாடு போதும். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கே தெரிந்த பெருக்கலும் வகுத்தலும்தான். சென்சாரின் அகலத்தை மேடைக்குள்ள தூரத்தால் பெருக்கி, லென்ஸின் மிமீ எண்ணால் வகுத்தால், எத்தனை மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வரும் என்பது தெரிந்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 23.5 மிமீ. பதினைந்து மீட்டர் தூரத்தில் 50 மிமீ வைத்தால் 7 மீட்டர் அகலம் வரும்; ஒரு நடனக் குழுவே உள்ளே. 70 மிமீ வைத்தால் 5 மீட்டர். 105 மிமீ என்றால் 3.4 மீட்டர், இரண்டு மூன்று பிள்ளைகள். கதை சொல்லும் ஒரே பிள்ளையை இடுப்புவரை காட்ட ஒன்றரை மீட்டர் அகலம் வேண்டுமென்றால், அதே இடத்திலிருந்து 235 மிமீ தேவை. அந்த நீளத்தில் எஃப் 2.8 வாங்க நம்மிடம் காசில்லை. எட்டு மீட்டருக்கு முன்னேறி வந்தால் 125 மிமீ. ஐந்து மீட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் 78 மிமீ போதும். கேமரா வாங்குவதற்கு முன் மண்டபத்தில் ஓர் அளவு நாடாவோடு பத்து நிமிடம் நடந்து பாருங்கள். எத்தனையோ விமர்சனக் காணொளி பார்ப்பதைவிட அது பிரயோசனம். சில பள்ளிகளில், வாங்க வேண்டியது நீளமான லென்ஸ் இல்லை, முன்வரிசைப் பிரமுகர் நாற்காலிகளுக்கு நடுவே ஒரு முக்காலி வைக்கும் அனுமதிதான் என்பது அப்போது புரியும்.

இங்கே 4கே-க்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. கடைசியில் 1080-இல்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றால், 4கே-இல் பதிந்ததைப் பாதிவரை வெட்டினாலும் தெளிவு குறையாது. 50 மிமீ, 100 மிமீ போல ஆகிறது. எனக்குக் கேட்டால், பள்ளிக்கு 4கே வேண்டியது இதற்காகத்தான்.

திடலுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100 என்பது பழைய படப்பிடிப்பாளர்களின் கணக்கு. படத்துக்குப் பிரச்சினையே இல்லை. துளையைத் திறந்து ஷட்டரை வேகமாக்கினால் ஓடும் பிள்ளை கல்லில் செதுக்கியதுபோல நிற்கும். காணொளிதான் மாட்டிக்கொள்ளும். 25 சட்டத்தில் அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/50 வேண்டும். எஃப் 2.8-இல் தானியங்கியாக விட்டால் கேமரா 1/3200-க்கு ஓடிப்போகும். பிள்ளைகள் ஓடுவது வெட்டி வெட்டி, பொம்மலாட்டம்போல வரும். இதைச் சரிசெய்ய லென்ஸ் முன்னால் என்டி வடிகட்டி போட வேண்டும், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் அளவுக்கு. சுழற்றி அளவை மாற்றும் வகை ஒன்று இருந்தால் போதும். மலிவானதில் வானம் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். கொஞ்சம் நல்லதாகப் பாருங்கள்.

சரி, என்னதான் வாங்குவது? நான் பெயர் சொல்லியே பேசுகிறேன்.

சோனி ஏபிஎஸ்-சி வரிசைக்கு மூன்று ஜூம் லென்ஸ்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிக்மா 18-50, எஃப் 2.8; 290 கிராம்தான், கையில் இருப்பதே தெரியாது. கேனன், ஃபுஜிஃபிலிம் கேமராக்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. டாம்ரோன் 17-70, எஃப் 2.8; 525 கிராம், கொஞ்சம் பருமன், நடுக்கம் தடுக்கும் வசதி உண்டு. சோனி 18-105, எஃப் 4; 2013-இல் வந்த பழைய லென்ஸ், மோட்டாரில் ஓடும் ஜூம், நீளம் மாறாத உடம்பு, நடுக்கத் தடுப்பும் உண்டு. மூன்றிலும் ஜூம் செய்தால் எஃப் எண் மாறாது. அதனால் காணொளியின் நடுவே ஜூம் செய்தாலும் வெளிச்சம் குதிக்காது.

பாடி பக்கம், 2024-இல் வந்த சோனி இசட்வி-ஈ10 இரண்டாம் பதிப்பையும் 2023-இன் ஏ6700-ஐயும் பாருங்கள். இரண்டிலும் 26 மெகாபிக்சல். முதலாவது விலை குறைவு, எடை குறைவு. விமர்சகர்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதன் பாடிக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை; அதில் சிக்மா 18-50-ஐ மாட்டினால் இரண்டு பக்கமும் தடுப்பு இல்லாமல், கையில் பிடித்து எடுக்கும் காணொளி ஆடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல பொருள், சேர்த்தால் பொருந்தாத சோடி. பாடியைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் மதிப்பிடும் விமர்சனங்களில் இது அடிபட்டுப் போகிறது. அந்தப் பாடிக்கு டாம்ரோன்தான் பொருத்தம். இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதில் இயந்திர ஷட்டர் இல்லை, மின்னணு ஷட்டர் மட்டுமே. மேடை எல்இடி விளக்குகளுக்குக் கீழே படத்தில் கோடு கோடாக விழ வாய்ப்பு அதிகம்; ஃபிளாஷ் போட்டுக் குழுப் படம் எடுப்பதற்கும் அது ஏற்றதல்ல. கண் வைத்துப் பார்க்கும் காட்சிச் சாளரமும் கிடையாது, வெயிலில் திடலில் திரையைப் பார்த்துத் தடவ வேண்டும். காணொளிக்கு மட்டும் என்றால் நல்ல கேமரா. இருவேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஏ6700-இல் இந்த மூன்றும் உண்டு: பாடிக்குள் நடுக்கத் தடுப்பு, இயந்திர ஷட்டர், காட்சிச் சாளரம். 4கே-இல் 60 சட்டத்திலும் வெட்டு இல்லை. அட்டை ஒன்றுதான் போட முடியும், அது குறை. அமெரிக்காவில் அறிமுகமானபோது பாடி விலை 1,399 டாலர், டாம்ரோன் லென்ஸ் 799 டாலர். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 2,200. ஏ7 மார்க் 4 பாடி மட்டுமே, லென்ஸ் இல்லாமல், 2,500-ஐ ஒட்டி வந்தது. நம் ஊர் விலை மாறும், விகிதம் பெரிதாக மாறாது. கையில் காசு ஃபுல் ஃபிரேம் பாடிக்கு மட்டும்தான் போதும் என்றால், அது ஃபுல் ஃபிரேமுக்குப் போதாது என்றுதான் அர்த்தம்.

மண்டபத்தில் ஓரளவு நல்ல வெளிச்சம் இருந்து, காணொளியே அதிகம் எடுப்பீர்கள் என்றால் 18-105-ஐயும் யோசிக்கலாம். அதன் நீளம் பெரிய வசதி. பரதம், சிலம்பம் என்று அசைவுப் படங்கள் முக்கியமானால் எஃப் 4 நெருக்கடி கொடுக்கும். மேலே போட்ட கணக்கில் 16,000 என்பது 32,000 ஆகிவிடும்.

இனி, விமர்சனங்களில் வராத ஒரு சமாச்சாரம். படத்திலிருந்து காணொளிக்கும் காணொளியிலிருந்து படத்துக்கும் மாறுவது. பரதத்துக்குப் படம் எடுக்க ஷட்டரை 1/500-இல் வைத்திருந்தீர்கள். அவசரத்தில் காணொளிக்கு மாறும்போது அந்த 1/500-உம் கூடவே வந்தால் காணொளி கெட்டது. திரும்பி வரும்போது 1/50 வந்தால் படம் கெட்டது. இரண்டுக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரே சுண்டலில் மாறும் தனி விசை இருக்க வேண்டும். ஏ6700, ஏ7 மார்க் 4, கேனன் ஆர்8 மூன்றிலும் அந்த விசை உண்டு. இருவேலைக் கேமரா என்ற பெயருக்கு 8கே-யைவிட இந்தச் சின்ன விசைதான் பொருத்தமான சான்று. கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் இதைச் சோதியுங்கள்: படத்தில் 1/500, காணொளியில் 1/50 வைத்து, நான்கு முறை மாற்றிப் பாருங்கள்.

அமைப்பு பற்றிப் பேசும்போதே இன்னொன்று. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் பிரச்சினை இல்லை. அமெரிக்க விமர்சகர் சொன்னார் என்று 30 சட்டமும் 1/60-உம் வைத்தால் காணொளி முழுக்க வெளிச்சம் அலையடிக்கும். அவர் ஊரில் 60 ஹெர்ட்ஸ், அவருக்கு அது சரி. நீங்கள் கேமரா அமைப்பில் 'பால்' முறையைத் தேர்ந்து 25 சட்டத்தில் எடுங்கள். படத்துக்கு 1/500 வைக்கும்போது மினுக்கத்தைத் தவிர்க்கும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

ஒலி. கேமராவின் சொந்த மைக், பக்கத்தில் இருக்கும் மின்விசிறியைத்தான் நன்றாகப் பதியும். வெளி மைக் துளை கட்டாயம். காதணிக் கருவிக்கும் துளை இருந்தால் பதிவாகிறதா என்று கேட்டுக்கொண்டே எடுக்கலாம். கேனன் ஆர்50, ஆர்10 போன்றவற்றில் மைக் துளை மட்டும்தான் இருக்கிறது.

சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடக் காணொளி மட்டும்தான் தேவை என்றால் கேமராவே வாங்காதீர்கள். ஆசிரியர் ஓரிடத்தில் நின்று வெண்பலகையில் எழுதுவதற்கு உங்கள் கைப்பேசியும், ஒரு முக்காலியும், சட்டையில் செருகும் கம்பியில்லா மைக்கும் போதும். பாடத்தில் பிள்ளைகள் முதலில் கைவிடுவது தெளிவில்லாத குரலைத்தான். கேமராவும் எஃப் 2.8 லென்ஸும் நியாயமாவது மேடைக்கும் திடலுக்கும்தான்.

திடலுக்கென்றே பிறகு ஒரு நீள ஜூம் சேர்க்கலாம். சோனி 70-350 போல எஃப் 4.5-6.3 இருந்தாலும் பரவாயில்லை, வெயிலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. மண்டபத்தில் நான் திட்டிய அதே எண்தான், திடலில் குற்றமற்றது. இரண்டாம் ஆண்டு நிதியில் வாங்குங்கள், முதல் ஆண்டில் வேண்டாம்.

வெப்பம் பற்றி ஒரு வரி. சின்ன பாடிகளில் 4கே 60 சட்டத்தை நம் ஊர் வெயிலில் நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறி அணைந்துவிடக்கூடும். சோனியில் தானாக அணையும் வெப்பநிலையை 'உயர்' என்று மாற்றிக்கொள்ளலாம். 25 சட்டத்தில் எடுத்தாலே பாதிக் கவலை தீரும். 4கே-ஐ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட் ஆகும், அட்டை வாங்கும்போது நினைவிருக்கட்டும்.

குளிர் நாட்டு விமர்சகர்கள் வாயே திறக்காத பூஞ்சைக்கு வருவோம். நம் பள்ளிப் பொருளறையில் குளிரூட்டி இல்லை. மழைக்காலத்தில் காகிதமே ஈரமாக இருக்கும். துணிப்பையில் போட்டு இரும்பு அலமாரியில் பூட்டி வைத்த லென்ஸில், பள்ளி விடுமுறை முடிந்து வருவதற்குள் சிலந்தி வலைபோலப் படர்ந்துவிடலாம். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் மின்சார உலர்பெட்டி ஒன்றை லென்ஸ் வாங்கும் அதே நாளில், அதே ரசீதில் வாங்கிவிடுங்கள். அதற்குக் காசில்லை என்றால், மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஓர் ஈரப்பதமானியும் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் கைவிளக்கு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். துளையை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஒளி அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாக ஏதாவது தெரிந்தால், "வேணாம்லா, விலை குறைச்சாலும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.